நாலு வயது நடைக்கு ஒரு பாதை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பேரிலேயே தொடர்கிறது. கல்லணைப் பக்கம் போனதும் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் நீளவாக்கில் கிடக்கும் மண்திட்டில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் இருக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகள் தீவில் பிறந்தவர்கள். தெற்கே நடந்தாலும் ஆறு, வடக்கே நடந்தாலும் ஆறு. அப்படியிருந்தும், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க ஒன்றைக் கவனித்து வந்தேன். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குக் காவிரி என்பது, பஸ் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியே தெரிகிற ஒன்று. அதில் கால் நனைத்தவர்கள் கொஞ்சம் பேர். அதன் கரையோரம் வேலை எதுவும் இல்லாமல் சும்மா நடந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பேத்தியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். அவளுக்கு நாலு வயது. பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்துகொள்வான், அவனுக்கு ஆறு. இந்த நடைகளில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றைத்தான் இங்கே கேட்கிறேன். ஆறு ஓடுகிற ஒவ்வொரு ஊரிலும் சின்னக் குழந்தைகள் நடக்க ஒரு கரைப்பாதை வேண்டும். அந்த ஆற்றைக் குழந்தைக்குப் பழக்கிவைக்கிற சிறிய இயற்கை மையம் ஒன்று அதன் தலைமாட்டில் வேண்டும். இரண்டையும் நாலு வயதுக் குழந்தையின் நடையை அளவாக வைத்துக் கட்ட வேண்டும். பெரியவர்களுக்காகக் கட்டி, ஓரத்தில் ஒரு ஊஞ்சலைப் போட்டுவிட்டு, அதைக் குழந்தைகளுக்கான இடம் என்று சொல்லக் கூடாது.

எங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல தொடக்கம் ஒன்று இருக்கிறது. மேலூரில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே, வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மேல் அணைக்கட்டுக் காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் அமைத்து 2015-இல் திறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் பலர், கிளிக்கூண்டு மாதிரி ஏதோ ஒன்றில் பூச்சிகளைப் பிடித்து அடைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். உள்ளரங்கு ஒன்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தின் சூட்சுமம் திறந்தவெளியில் நட்டிருக்கும் செடிகளில் இருக்கிறது. சரியான செடி இருந்தால் பூச்சி தானே வரும். பறக்கிற பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும். அதன் புழு அப்படியில்லை, தனக்கென்று விதித்த இலையைத் தவிர வேறெதையும் தொடாது. எருக்கை நட்டால் வெந்தய வரியன் வந்து முட்டையிடும். அரளியை நட்டால் வெண்புள்ளிக் கருப்பன் வரும்; அதன் கூட்டுப்புழு வெள்ளி முலாம் பூசியது போல இலைக்கடியில் பளபளத்துத் தொங்கும். ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகிற ஆடுதீண்டாப்பாளையை ரோஜா அழகியின் புழு தின்று தீர்க்கும். அந்த இலையின் நஞ்சையே தன் உடம்பில் சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்தால் நீல வரியன்களில் ஆண்கள் கூட்டமாக வந்து மொய்க்கும். பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அவற்றுக்கு அந்தச் செடியின் சாறு வேண்டும்.

இதையெல்லாம் நான் பேத்திக்குப் பாடமாக நடத்தவில்லை. நடத்தத் தேவையும் இருக்கவில்லை. ஒரு கார்த்திகை மாதக் காலையில் எலுமிச்சைச் செடி ஒன்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அம்மாச்சி, குருவி எச்சம் நகருது" என்றாள். குனிந்து பார்த்தேன். இலையின் நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, பறவை எச்சம் என்று யாரும் சத்தியம் செய்யக்கூடிய ஒன்று அரை விரற்கடை நகர்ந்து நின்றது. எலுமிச்சை அழகியின் இளம்புழு. பக்கத்து இலையில் அதே புழுவின் வளர்ந்த உருவம், இலைப் பச்சையோடு பச்சையாக ஒட்டிக்கிடந்தது. பையன் ஒரு கோரைத்தாளை ஒடித்து அதன் முதுகை மெல்லத் தொட்டான். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்று ஈரமாக வெளியே துருத்தியது. கூடவே குப்பென்று ஒரு புளிச்ச நெடி. இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து விழுந்தார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு, மறுபடி தொடலாமா கூடாதா என்று பெரிய வழக்கு நடந்தது. தொட்டால் அதற்குப் பயம் வரும், வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னது நாலு வயதுதான்.

நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால் மூன்று, நான்கு குடும்பங்கள் கடந்துபோயின. "பட்டர்ஃபிளை பார்க்குங்கறாங்க, ஒண்ணையும் காணோமே" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார். அவர் கையைப் பிடித்திருந்த குழந்தை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுபட்டுப் போனது. அந்தக் குழந்தைக்கு நின்று பார்க்க வேண்டும். அதை நிற்கவிட நம்மிடம் பொறுமை இல்லை. டிக்கெட் வாங்கியாயிற்று, உள்ளே இருப்பதையெல்லாம் சுற்றிக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம்தான் நம்மை ஓட்டுகிறது. பாலத்தில் ஒரு படம், பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு படம், நீரூற்றில் ஒரு படம், பிறகு ஐஸ்க்ரீம். சின்னக் குழந்தை அப்படிச் சுற்றிப்பார்க்கிற ஜீவன் இல்லை. அதன் கண் தரையிலிருந்து இரண்டரை அடி, மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தப்புகிற அத்தனையும் அந்த உயரத்தில்தான் நடக்கிறது. அதற்கு நூறு அடி தூரம் ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளமாகப் போதும்.

"இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும், எட்டு பத்து வயசுல கூட்டிட்டுப் போனா போதாதா" என்று கேட்கிறவர்கள் உண்டு. வகுப்பறையில் காலம் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பத்து வயதில் அழைத்துப்போனால் பிள்ளை விடையைத் தேடுகிறது. பெயர் என்ன, பரீட்சைக்கு வருமா என்று கேட்கிறது. நாலு வயதில் அது வேறு மாதிரிப் பார்க்கிறது. எச்சம் நகர்ந்தால் எச்சம் நகருது என்று சொல்லும். நகராது என்று அதற்கு யாரும் இன்னும் சொல்லி வைக்கவில்லை. அறிவியலுக்கு வேண்டிய முதல் குணம் அதுதான். அது அந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் இருக்கிறது. ஏழை வீட்டுக் குழந்தை, பணக்கார வீட்டுக் குழந்தை என்று பேதமில்லை. நாம் இடம் கொடுக்காததால் பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் தேய்ந்துபோகிறது.

கண்ணைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்ல வேண்டும். சீனாவின் குவாங்சௌ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். சில பள்ளிகளில் மட்டும் பள்ளி நாள்களில் தினம் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அனுப்பினார்கள். வேறு மருந்தோ கண்ணாடியோ இல்லை. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம், வெளியே அனுப்பிய பள்ளிகளில் 30.4 சதவீதம். பகல் வெளிச்சமும் தூரத்தைப் பார்ப்பதும் வளர்கிற கண்ணுக்குத் தேவை என்று கண் மருத்துவர்கள் இப்போது தயங்காமல் சொல்கிறார்கள். ஆற்றங்கரையைவிடத் தூரம் பார்க்க நல்ல இடம் நம் ஊர்களில் எங்கே இருக்கிறது? எதிர்க்கரைத் தென்னைகள், அதற்கு மேலே மலைக்கோட்டை. நடுவில் தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று செங்குத்தாக விழுகிற கருப்பு வெள்ளை மீன்கொத்தி. "அது ஏன் வானத்துல நிக்குது?" என்று பையன் கேட்டுவிட்டு, அது மீனோடு எழும்பும்வரை கண்ணை எடுக்கவில்லை. கைபேசித் திரையில் எத்தனை மீன்கொத்தி பறந்தாலும் கண் அரை அடி தூரத்தில்தான் நிற்கிறது.

பூங்காவிலிருந்து ஆற்றுக்கு வருகிறேன். என் ஆசையெல்லாம் இந்த இரண்டையும் ஒரு மண்பாதை இணைக்க வேண்டும் என்பது. இயற்கை மையம் என்பது ஒரு வாசல். உள்ளே பழகிய கண்ணோடு வெளியே ஆற்றோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தால்தான் பயணம் முழுமையாகும். 2025-இல் கம்பரசம்பேட்டையில் ஐந்திணைகளை மையமாக வைத்துப் பறவைப் பூங்கா ஒன்றையும் திறந்திருக்கிறார்கள். அதுவும் காவிரிக் கரை. கோடிக்கணக்கில் செலவு செய்து ஆற்றங்கரையில் குழந்தைகளுக்காக இடங்கள் வருவது மகிழ்ச்சிதான். அதே கரையில், மதிலுக்கு வெளியே, காசில்லாமல் நாணலில் தூக்கணாங்குருவியும் மணல்சரிவில் வளை தோண்டும் பஞ்சுருட்டானும் இருக்கின்றன. மருதத் திணைக்குப் பேர் தந்த மருத மரம் காவிரிக் கரைகளில் இன்றும் நிற்கிறது. அதன் இலையடியில் இரண்டு சின்ன மருக்கள் இருக்கும். குழந்தையின் விரலை எடுத்து அங்கே வைத்தால் போதும், அடுத்த மரத்தை அதுவே கண்டுபிடிக்கும். ஐந்து சிறகு வைத்த அதன் காயைப் பேத்தி பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வருகிறாள்.

கரை மணலில் அவள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். மரநிழலில் காய்ந்த புழுதியில் சின்னச் சின்னப் புனல்களாகக் குழிகள். குழியானை. எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்ததும் மண் சரிந்தது. ஏற முயன்றது, அடியிலிருந்து யாரோ மண்ணை வாரி எறிந்தார்கள். மறுபடி சரிந்தது. புனலின் அடியில் இரண்டு கொடுக்குகள் தெரிந்து மறைந்தன, எறும்பைக் காணவில்லை. பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. பையன், "அதுக்கும் பசிக்கும்ல" என்றான். இருவரும் நெடுநேரம் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் நான் குழியை மெல்லத் தோண்டி அந்தப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கொழுத்த, சாம்பல் நிறச் சின்னப் பூச்சி, பின்னோக்கியே நகர்ந்தது. இது வளர்ந்து, தட்டான் மாதிரி மெல்லிய இறக்கையோடு ராத்திரியில் பறக்கும் என்று சொன்னேன். நம்பவில்லை. நம்பாமல் இருப்பதும் நல்லதுதான். அடுத்தடுத்த வாரங்களில் அதே மரத்தடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போவதற்கு அந்தச் சந்தேகம்தான் காரணம்.

இப்படியொரு பாதைக்குப் பெரிய பணம் வேண்டாம், ஆனால் யோசனை வேண்டும். நான் கேட்பது ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத நடை. டைல்ஸ் பதிக்க வேண்டாம், சிமென்ட் கொட்ட வேண்டாம். வெறும் காலால் நடக்க முடிகிற இறுகிய செம்மண் போதும். இருநூறு அடிக்கு ஒரு நிழலும் அங்கே தாத்தா பாட்டி உட்கார ஒரு திண்ணையும் வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சின்னப் பிள்ளையை வெளியே அழைத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் முழங்கால் வலிக்காரர்கள்தான். பலகைகள் மூன்றடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் பாராட்டு வாசகமும் பிரமுகர் படமும் வேண்டாம்; ஒரு புழுவின் படமும் அது தின்னும் இலையின் படமும் இருந்தால் எழுத்து தெரியாத குழந்தைகூடப் படித்துக்கொள்ளும். ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டவே வேண்டாம். காலை ஆறரைக்கே கதவு திறக்க வேண்டும். பல ஊர்களில் இயற்கை மையங்கள் அலுவலக நேரத்தில் திறக்கின்றன; பங்குனி சித்திரையில் பத்து மணி வெயிலில் நாலு வயதுக் குழந்தையை யாரால் நடத்திக் கூட்டிப்போக முடியும்?

கழிப்பறையைத் தனியாகச் சொல்கிறேன். இதைச் சில்லறை விஷயமாக நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். சின்னக் குழந்தைக்கு அவசரம் என்றால் அந்த நிமிடமே அவசரம். சுத்தமான, தாழ்வான, தண்ணீர் வருகிற கழிப்பறை நடைதூரத்தில் இல்லையென்றால் பெண் குழந்தையின் அம்மா தண்ணீர் கொடுக்காமல் அழைத்து வருவாள், அல்லது வரவே மாட்டாள். எத்தனை ஏக்கர் பூங்கா, எத்தனை சிற்பம் என்று அறிக்கை தருகிறவர்கள், குழந்தை உட்காரும் உயரத்தில் எத்தனை கழிப்பறை என்றும் சொல்ல வேண்டும்.

ஆறு ஆபத்து என்கிறார்கள். ஆமாம், ஆபத்துதான். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் மட்டக் குழி இருக்கிறது. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் சில நாளில் இங்கே நீர்மட்டம் மாறிவிடும். கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. அணைக்கரைப் பக்கத்து மக்களுக்கு இது தினப்படிச் செய்தி. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஆற்றில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி வருகிறது, வாசிக்கும்போது வயிறு கலங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் ஆற்றை அறியாதவர்கள். எங்கே மணல் உறுதி, எங்கே இழுப்பு என்று யாரும் அவர்களுக்குக் காட்டித்தரவில்லை. வேலி போட்டு மறைத்தால் பதினைந்து வயதில் நண்பர்களோடு வேலி தாண்டிப் போவார்கள். நாலு வயதில் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கல்லுக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தால் அந்தக் கல் அவர்கள் மனத்தில் நிற்கும்.

சிங்கப்பூரில் பீஷான் பூங்காவை ஒட்டிக் காலாங் ஆறு நேராக வெட்டிய கான்கிரீட் கால்வாயாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடுகிற இயற்கையான ஆறாக மாற்றி, 2012-இல் பூங்காவோடு சேர்த்துத் திறந்தார்கள். கரையில் கல்லும் செடியும் வைத்து மண்ணைப் பிடிக்கச் செய்தார்கள். குழந்தைகள் இறங்கித் தண்ணீரைத் தொடுகிறார்கள்; நீர்நாய்கள் வந்து குடியேறின. பாதுகாப்பை அவர்கள் விட்டுவிடவில்லை. நீர்மட்டம் ஏறுவதைக் கவனிக்கும் கருவிகள், எச்சரிக்கை விளக்கு, சங்கொலி, உயிர்காப்பு வளையம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் ஆள்கள் மேலே போய்விட வேண்டும். வடிந்ததும் திரும்ப வரலாம். அங்கே வடிகாலை உடைத்து ஆற்றை உண்டாக்கினார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. ஆறு இருக்கிறது, காவிரியிலும் நீர்நாய்கள் இருக்கின்றன. நம் மாநிலத்திலேயே, சென்னையில் குப்பைமேடாகிவிட்ட அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கரைச் சீர்செய்து 2011-இல் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தார்கள். சதுப்பு மீண்டது, பறவைகள் வந்தன. நம்மால் முடியாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆபத்தைவிட எனக்குக் கோபம் வருவது கண்ணாடிச் சில்லைப் பார்த்தால்தான். கரை மணலில் பேத்தியைச் செருப்பில்லாமல் விட முடியவில்லை. ராத்திரி குடித்துவிட்டு உடைத்துப் போட்ட மதுபாட்டில்கள். காக்காப்பொன் மின்னுகிறது என்று குழந்தை ஓடினால், அது காக்காப்பொன்னா கண்ணாடியா என்று பார்த்துச் சொல்ல நான் முன்னால் ஓட வேண்டியிருக்கிறது. காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்ற திட்டத்தை நீலகிரியில் 2022-இல் தொடங்கினார்கள். மலைக்காட்டு யானைகளின் காலைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. ஆற்றங்கரை ஊர்களில் குழந்தைகளின் காலுக்காகவும் அதைக் கறாராக நடத்த வேண்டும். சாக்கடையை ஆற்றில் விடும் குழாய்களைப் பற்றியும் எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பரசம்பேட்டையில் ஆற்றுக்குள் இருக்கும் நீர்சேகரிப்புக் கிணறுகளிலிருந்துதான் திருச்சி வீடுகளின் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. அந்தக் கிணற்றைக் கரையிலிருந்து பேத்திக்குக் காட்டி, நீ காலையில் குடித்தது இதுதான் என்றேன். அவள் ஆற்றைப் பார்த்தாள், மிதந்து போன பாலிதீன் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப்போவது நமக்குப் புதுப்பழக்கம் இல்லை. ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் நிற்க இடம் இருக்காது. முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டு பெண்கள் வருவார்கள். டெல்டா ஊர்களில் சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். நான் இழுத்திருக்கிறேன். பெருகி வரும் ஆற்றுக்கு மரியாதை செய்ய நம் முன்னோர்கள் குழந்தையையும் கூடவே கூட்டிப்போனார்கள். அந்த ஒரு நாள் மட்டும் மிஞ்சி, மற்ற நாள்கள் நம் கையை விட்டுப் போய்விட்டன. ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அங்கன்வாடிகளிலிருந்துகூடப் பிள்ளைகள் கரைக்கு வருவதை நான் பார்த்ததில்லை. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள குழந்தைகள் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான். வாரத்தில் ஒரு காலை, இரண்டு அம்மாக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாதை இருக்கிற இடத்தில் அழைத்துப்போக முறையான அனுமதியும் பொறுப்பும் வகுத்துத் தர வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு பணியாளரை இதில் இறங்கச் சொல்வது நியாயமில்லை. ஏதாவது ஆனால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழும்.

யார் சொல்லித்தருவது என்று கேட்பார்கள். ஆள் இருக்கிறார்கள். பரிசல் ஓட்டுகிறவர், வலை வீசுகிறவர், கரையில் மாடு மேய்க்கிறவர், காப்புக்காட்டுக் காவலர். என்னோடு தாவரவியல் படித்தவர்களில் ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறவர்கள். ஒருமுறை கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பையன் போய், "தாத்தா, மீன் தூங்குமா?" என்று கேட்டான். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். எந்த மீன் பாறை இடுக்கில் ஒதுங்கும், எது சேற்றில் புதையும், கெளுத்தி ஏன் ராத்திரியில் உலாத்தும், விரால் குஞ்சுகளை எப்படிக் கூட்டமாகக் காவல் காக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கும் அதில் பாதி புதுச் செய்தி. அவரைப் போன்றவர்களுக்குக் காலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கௌரவமான சம்பளம் கொடுத்துப் பாதையில் நிறுத்தலாம். கழுத்தில் அடையாள அட்டை, காலடியில் ஒரு உயிர்காப்பு வளையம், அவ்வளவுதான் உபகரணம். குழந்தைக்குப் பாடமும் கிடைக்கும். கரைக்கு ஒரு காவலும் கிடைக்கும்.

மாநகராட்சிக்கும் வனத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும் இடையே எல்லை எது என்ற கேள்வி எழும் என்று தெரியும். படித்துறை ஒருவருக்கு, கரை இன்னொருவருக்கு, காடு வேறொருவருக்கு. மாவட்ட ஆட்சியர் மூன்று பேரையும் ஒருநாள் காலையில் மேலூருக்கு வரச்சொல்லி, ஒரு குழந்தையோடு அந்தக் கரையை நடந்து பார்த்தால் எந்த இடத்தில் நிழல் இல்லை, எங்கே சரிவு, எங்கே சில்லு என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வழக்கப்படி ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடுகிறார்கள். ஜூன் 12-இல் திறக்கிறார்கள். இடைப்பட்ட நான்கரை மாதம் ஆறு வற்றிக் கரை காய்ந்திருக்கும். செம்மண் கொட்டவும் திண்ணை கட்டவும் கண்ணாடியைப் பொறுக்கவும் அந்தக் காலம் போதும். பூங்கா வாசலிலிருந்து தொடங்கி, முதலில் அரைக் கிலோமீட்டர் போடட்டும். பள்ளிகளும் அங்கன்வாடிகளும் ஜூனில் திறந்து பிள்ளைகள் வரும்போது தண்ணீரும் வந்து சேர்ந்திருக்கும்.